ஊருக்குப் போனதாக நான் எழுதிய ரஸ்மிதா

போன மாதம் நடந்த புதுச் செவிலியர் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒரு பெண் எழுந்து, "அக்கா, உங்க முப்பது வருஷ சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமா இருந்தது எது?" என்று கேட்டாள். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி, கேட்டைத் திறந்ததும் பாய்கிற நாய், சித்திரை மாசத்து வெயில் என்று நான் பட்டியல் போட்டேன். எல்லோரும் சிரித்தீர்கள். அதற்குள் டீயும் பஜ்ஜியும் வந்துவிட்டன, நானும் தப்பித்தேன்.

உண்மையான பதில் பொறாமை. எனக்கு இருந்தது சாதாரணப் பொறாமை இல்லை. ராத்திரி சாப்பாடு இறங்காத அளவுக்கு, ஒரு ஆளைப் பார்த்தாலே முகம் சுருங்குகிற அளவுக்கு இருந்தது. அந்த ஆள் பெயர் ஸ்டெல்லா. உங்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும், இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கக்கா, ஆனா என் வயச மட்டும் போடாத" என்றாள்.

நாங்கள் இருவரும் நகர சுகாதார செவிலியர்கள். எனக்குத் திருவான்மியூர், அவளுக்குப் பக்கத்தில் அடையாறு. வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஏரியாவில் எந்த வீட்டில் எந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்திருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், பிள்ளை கையில் வரும்வரை விடாமல் பின்னாலேயே போக வேண்டும். நான் வேலையில் சேர்ந்தபோது என் பதிவேட்டில் செல்வி, லட்சுமி, மேரி, பாத்திமா என்றுதான் பெயர்கள் இருந்தன. பிறகு மெல்ல மெல்ல சபித்ரி, பிரமிளா, ஜமுனா, ரஸ்மிதா என்று வர ஆரம்பித்தன. அடையாறு ஓட்டல் சமையலறையில், தி.நகர் துணிக்கடை குடோனில், புதிதாக எழும்புகிற ஒவ்வொரு அடுக்குமாடிக்கும் பக்கத்தில் போட்ட தகரக் கொட்டகையில் அவர்கள் இருந்தார்கள்.

இவர்கள் கட்டட வேலைக்குப் பிறந்தவர்கள் இல்லை. மேற்கு ஒடிசாவில் வயல் வேலை செய்கிறவர்கள். சொந்தமாகத் துண்டு நிலம் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. அங்கே அறுவடை முடிந்ததும் பொங்கலை ஒட்டி இங்கே வந்து இறங்குவார்கள். அங்கே மழை விழுந்தால் நாற்று நடப் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் நுவாகாய்க்குக் கிளம்புவார்கள். நுவாகாய் அவர்களுடைய புது அரிசிப் பண்டிகை, நம் பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் வரும். புது நெல்லின் அரிசியைச் சாமிக்குப் படைத்துவிட்டு வீடு முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு ஊரில் இல்லாவிட்டால் அந்த வருஷமே வீண் என்பார்கள். திருவான்மியூர் பிரசவப் பதிவேடு எங்கேயோ இருக்கிற வயலைப் பார்த்து ஏறி இறங்கியது. வருஷா வருஷம் திரும்பிப் போகிறவர்கள் குறைந்தார்கள், இங்கேயே பிள்ளை பெற்று இங்கேயே அங்கன்வாடியில் விடுகிறவர்கள் கூடினார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஏன் தெரியுமா? எனக்கு ஹிந்தி தெரியும். சின்ன வயதில் அப்பா விடாப்பிடியாகத் தி.நகரில் ஒரு மாமியிடம் டியூஷன் சேர்த்துவிட்டு, இருக்கிற எல்லாப் பரீட்சையையும் எழுத வைத்தார். சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தோம். எங்கள் மண்டலத்தில் ஹிந்தி தெரிந்த செவிலியர் நான் ஒருத்திதான். இனி எல்லோரும் என்னிடம்தான் வந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

கடற்கரைப் பக்கம் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் தகரக் கொட்டகைகளுக்கு முதன்முதலாகப் போனேன். கஞ்சி போட்ட புடவை, கையில் பதிவேடு. இலக்கணம் பிசகாத ஹிந்தியில் ஐந்து நிமிஷம் பேசினேன். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். "யாராவது மாசமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டேன். யாரும் இல்லை, மேடம். எதிரே நிற்கிற ஒருத்திக்கு ஆறு மாத வயிறு, முந்தானையால் மூடிக்கொண்டு அவளும் இல்லை என்கிறாள்.

அடுத்த வாரம் அடையாறில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். ஸ்டெல்லாவின் கிளினிக் வாசலில் என் கொட்டகைப் பெண்கள் ஐந்து பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆறு மாத வயிறு முதலாவதாக உட்கார்ந்திருந்தது. ஸ்டெல்லாவுக்கு ஹிந்தியில் ஒரு எழுத்து தெரியாது. ஒடியாவில் பத்து வார்த்தை தெரியும், அதிலும் ஏழு சாப்பாட்டுப் பெயர். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, வயிற்றைத் தொட்டு எதையோ சொல்கிறாள், அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒருத்தி அவளை "நானி" என்று கூப்பிட்டாள். ஹிந்தியில் அது பாட்டி. பாட்டி என்கிறார்கள் பார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெளியே வந்து இன்னொருத்தியிடம் விசாரித்தேன். அவர்கள் பேச்சில் அது அக்காவாம். எனக்கு மேடம், அவளுக்கு அக்கா.

"எப்படி ஸ்டெல்லா உன்கிட்ட வராங்க?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"நான் இன்னாக்கா பண்ணேன்? கருவாடுதான்க்கா."

ஸ்டெல்லா சாந்தோம் குப்பத்துப் பெண். அவள் அம்மா கருவாடு விற்கிறவர். இந்த ஒடிசாப் பெண்களுக்குக் கருவாடு என்றால் உயிர், ஆனால் கொட்டகையில் வறுத்தால் பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஸ்டெல்லா சாயங்காலம் டூட்டி முடிந்ததும் ஒரு பொட்டலம் நெத்திலியோடு போய், தண்ணீர் டிரம் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாளாம். எந்த நேரத்தில் வறுத்தால் கடற்காற்று வாசனையை அந்தப் பக்கம் தள்ளிவிடும் என்று அவளுக்குத்தான் தெரியும். முதல் நாலு தடவை பதிவேட்டையே எடுத்துப் போகவில்லையாம். ஐந்தாவது தடவை அவர்களாகவே சொன்னார்களாம். எனக்குக் கருவாட்டு வாசனையே ஆகாது. அன்று வீட்டுக்கு வந்து சான்றிதழ்களைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஆறு மாதம் இதே கதைதான். மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் மேலதிகாரியான டாக்டரம்மா ஸ்டெல்லாவின் பெயரைச் சொல்லிப் பாராட்டுவார். "அவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க" என்பார். சொல்லும்போது என் பக்கம்தான் பார்ப்பார், அல்லது எனக்கு அப்படித் தோன்றும். அவள் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்தேன். சும்மா இருந்தால் திமிர் என்று நினைத்தேன். அவள் புதுச் செருப்பு போட்டு வந்தால்கூட எனக்கு எரிந்தது. அந்தக் காலத்தில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த என் கணவர் பாவம்.

கடைசியில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தேன். என் எல்லைக்குள் இன்னொரு செவிலியர் நுழைகிறார், ஒரே கர்ப்பிணி இரண்டு இடத்தில் பதிவாகிறார், கணக்கு குழம்புகிறது என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பொறாமைக்காரர்கள் எழுதுகிற புகாரில் பெரும்பாலும் பொய் இருக்காது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டரம்மாவுக்கு வேறு வழி இல்லை. ஸ்டெல்லாவுக்கு மெமோ கொடுத்தார். இனிமேல் அந்தக் கட்டட வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது, மீறினால் மேல் நடவடிக்கை.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா என் கிளினிக்குக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். அவள் பையிலிருந்து ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இந்தாக்கா. நான் பாத்தவங்க எல்லாரப் பத்தியும் இதுல எழுதி வச்சிக்கீறேன். உனக்கு உதவும். ரஸ்மிதான்னு ஒரு பொண்ணு, மூக்குல ரெண்டு பக்கமும் குத்திக்கினு இருப்பா. அவள மட்டும் வுட்றாத. அடிக்கடி தல வலிக்குதுன்னு சொல்லிக்கினு கீறா."

"சரி, வை" என்றேன். அவள் போனதும் நோட்டை மேஜை இழுப்பறையில் அடியில் தள்ளி, மேலே பழைய படிவங்களைப் போட்டு மூடினேன். அவள் கையெழுத்தைப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. ரஸ்மிதாவை நானே பார்த்து நானே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. இரண்டு முறை கொட்டகைக்குப் போனேன். இரண்டு முறையும் அவள் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது முறை போகவில்லை.

இப்படியே பிள்ளையார் சதுர்த்தி வந்தது. அதற்கு முந்தின நாள் கட்டடத்துக்குப் போனேன். கொட்டகைகள் காலியாக இருந்தன, பாதியைப் பிரித்தும் போட்டிருந்தார்கள். சைட் சூபர்வைசர் நாற்காலி எடுத்துப் போட்டார், இளநீர் வெட்டச் சொன்னார்.

"லேடீஸ் எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க மேடம். அவங்க பண்டிகை. ஒருத்தரும் இல்ல."

நான் இளநீரைக் குடித்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்தேன். அந்தக் கொட்டகையில் என் கணக்கில் பதினொரு கர்ப்பிணிகள். பதினொரு பெயருக்கு நேராகவும் 'ஊருக்குப் போய்விட்டார்' என்று எழுதினேன். இந்த இரண்டு சொல்லுக்கு நம் வேலையில் எவ்வளவு பலம் என்று உங்களுக்குத் தெரியும். எழுதிய நிமிஷமே அந்தப் பெண் நம் பொறுப்பிலிருந்து கழன்றுவிடுகிறாள். அவளுக்கு எது நடந்தாலும் அது வேறு யாரோ ஒருத்தியின் பதிவேட்டில் நடக்கும். ரஸ்மிதா பெயருக்கு நேராக எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது, அது வேலை முடிந்த நிம்மதி இல்லை. ஸ்டெல்லாவின் ஆள் தொலைந்தாள் என்ற நிம்மதி.

சதுர்த்தியன்று மதியம் மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்டெல்லாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அடுப்பில் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது.

"அக்கா, ரஸ்மிதா ஊருக்குப் போகலக்கா."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. ஊருக்குக் கிளம்புறவங்க எல்லாம் எங்கம்மாகிட்ட வந்து கருவாடு கட்டிக்கினு போனாங்க. பத்துப் பேரு வந்தாங்க, இவ வரல. எங்கன்னு கேட்டா ஒருத்தியும் வாயத் தொறக்கல. ஒருத்தி அழுதுட்டா. எனக்குச் சரியாப் படல. நான் உள்ள போவக் கூடாது, உனக்கே தெரியும். நீ ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வந்துடுக்கா."

அவள் கெஞ்சினாள். அந்தப் பெண்ணின் உயிருக்காகக் கெஞ்சுகிறாள் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் காதில் விழுந்தது வேறு. பத்துப் பேரும் கிளம்புமுன் அவள் அம்மாவிடம் போயிருக்கிறார்கள். என்னிடம் ஒருத்திகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

"என் ரிஜிஸ்டர் எனக்குத் தெரியும் ஸ்டெல்லா" என்றேன். கொழுக்கட்டையை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை கிளினிக்கில் இழுப்பறையைத் திறந்து அந்த நோட்டை எடுத்தேன். மனசாட்சி உறுத்தி எடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அனுமதி இல்லாத பதிவேடு ஒன்றை அவள் தனியாக வைத்திருக்கிறாள் என்று டாக்டரம்மாவிடம் காட்ட முடியுமா என்று பார்க்க எடுத்தேன். குற்றம் தேடித்தான் பக்கத்தைப் புரட்டினேன்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம். பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு படம், மூக்குத்தி, கையில் பச்சை, நெற்றியில் தழும்பு என்று ஏதாவது ஒரு அடையாளம். ரஸ்மிதாவின் பக்கத்தில் இப்படி இருந்தது: 'மொதப் பிள்ள ஊர்ல. வலிப்பு வந்து, பிள்ள தங்கல. அப்பயும் இதே மாதிரி தலவலி, கால் வீக்கம். ஊர்ல பெக்க பயம், ட்ரெயின்ல போவ பயம். பண்டிகைக்குப் போக மாட்டா. புருஷன் மட்டும் போய் மாமியாரக் கூட்டிக்கினு வருவான். மாசமா இருக்கறது தெரிஞ்சா மேஸ்திரி தொரத்திடுவாராம். அதனால ஒளிஞ்சிருப்பா.' கீழே கடைசியாகப் பார்த்த ரத்த அழுத்தம் இருந்தது. அந்த எண்ணே ஆபத்தைக் காட்டியது. அது மூன்று வாரத்துக்கு முன் எடுத்தது. நோட்டு என் இழுப்பறையில் கிடந்ததும் அதே மூன்று வாரம்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். சூபர்வைசர் கேட்டிலேயே நிறுத்தினார். "அதான் சொன்னேனே மேடம், யாரும் இல்ல." இது என் ஏரியா, எனக்கு உள்ளே போக உரிமை இருக்கிறது என்று கத்திவிட்டு நுழைந்தேன். கொட்டகைகள் வெறுமையாகக் கிடந்தன. அப்படியென்றால் கட்டடத்துக்குள் எங்கேயோ இருக்கிறாள். ஒன்பது மாடி, மாடிக்கு எத்தனையோ அறை, கைப்பிடி இல்லாத படிக்கட்டு. கீழே நின்று என் நல்ல ஹிந்தியில் கூப்பிட்டேன். ரஸ்மிதா, பயப்படாதே, நான் நர்ஸ் வந்திருக்கிறேன் என்றேன். இரண்டாவது மாடி ஏறிக் கூப்பிட்டேன். மூன்றாவது மாடியில் மூட்டுவலி பிடித்துக்கொண்டது. புறாக்கள் பறந்தன, வேறு சத்தமே இல்லை. என் குரல் எனக்கே போலீஸ்காரி குரல் மாதிரி கேட்டது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் ஜீப்போடும் ஆட்களோடும் வருவார், பயந்துபோய் இன்னும் உள்ளே ஒளிவார்கள். போலீஸைக் கூப்பிட்டால் அதைவிட மோசம், கட்டடக்காரர்கள் பின்பக்கமாக அவளை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு அறையாக நானே தேடினால் பொழுது போய்விடும். அந்த எண்ணுக்கு அவ்வளவு நேரம் இல்லை. யாரைக் கூப்பிட வேண்டும் என்று மூன்றாவது மாடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் படியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போது, அவளைக் கூப்பிடாமல் இதை முடித்துவிட வழி உண்டா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டெல்லா, சைட்டுக்கு வா" என்றேன் கடைசியில்.

 மெமோவை நினைத்திருப்பாள். "வந்துக்கினே கீறேன்க்கா" என்றாள்.

மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட அத்தனை சாலையையும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். சூபர்வைசர் குறுக்கே நின்றார். அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, நடுவில் நின்று மேலே பார்த்து, எனக்குப் புரியாத ஒடியாவில் ஒரு சத்தம் கொடுத்தாள். சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டாளாம், பிறகு சொன்னாள். அவளுக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் அதுதான் முதலாவது.

ஏழாவது மாடியிலிருந்து ஒரு பெண்ணின் தலை எட்டிப் பார்த்தது. "நானி!" என்று கத்திக்கொண்டே அழுதாள்.

அந்த நிமிஷத்தில் கூட எனக்கு எரிந்தது. மறைப்பானேன்? ஓடுடி என்று கால் சொல்கிறது, எனக்குப் பதில் சொல்லாத கட்டடம் இவளுக்கு மட்டும் சொல்கிறதே என்று வயிறு சொல்கிறது. இரண்டோடும்தான் படியேறினேன்.

சிமெண்ட் சாக்கு விரித்து ரஸ்மிதாவைப் படுக்க வைத்திருந்தார்கள். துணைக்கு ஒரு பெண் மட்டும் பண்டிகைக்குப் போகாமல் தங்கியிருந்தாள். ரஸ்மிதா முகம் வீங்கி, கண் திறக்கவே கஷ்டப்பட்டாள். வெளிச்சம் மங்கலாகத் தெரிகிறது என்று கையால் காட்டினாள். ரத்த அழுத்தம் பார்த்தேன். ஸ்டெல்லாவிடம் வாயால் சொல்லாமல் மானியைத் திருப்பிக் காட்டினேன். சாமான் ஏற்றும் தூக்கியில் இறக்கலாம் என்று சூபர்வைசர் இப்போது உதவிக்கு வந்தார். அது குலுங்கும், சத்தம் போடும், வேண்டாம் என்றேன். மிச்சமிருந்த ஆண்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஏழு மாடியும் நடந்தே இறக்கினார்கள். படிக்குப் படி ஸ்டெல்லா முன்னால் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தாள்.

ஆம்புலன்ஸ் அடையாறு சிக்னலில் சிக்கி நின்றபோது வலிப்பு வந்தது. நான் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டேன், அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பத்து நிமிஷம் எங்களுக்குள் எந்தக் கணக்கும் இல்லை. அரசு மருத்துவமனையில் உடனே அறுவைக்கு எடுத்துக்கொண்டார்கள். பெண் குழந்தை, எடை குறைவு. தாய் கண்விழிக்க மூன்று நாளானது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கொண்டுவந்து பிரயோசனமில்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். எந்த ஒரு மணி நேரத்தைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கொழுக்கட்டை கட்டிக் கொடுத்த நேரத்தையா, படியில் உட்கார்ந்திருந்த நேரத்தையா?

இதோடு முடிந்திருந்தால் இதை வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பேன். கட்டடக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் வளாகத்தில் அனுமதி இல்லாமல் ஒரு செவிலியர் நுழைந்து ஆட்களைத் தள்ளிவிட்டார் என்று புகார் கொடுத்தார்கள். எனக்கு அங்கே போக உரிமை உண்டு, அதனால் என்மேல் புகார் இல்லை. ஸ்டெல்லாவுக்குத்தான் மெமோ இருந்தது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அதற்குள் அந்த ஏரியாவின் செவிலியர் என்ற முறையில் மண்டல அலுவலகத்திலிருந்து என் பெயருக்குப் பாராட்டுக் கடிதம் வந்து அவர் மேஜைமேல் இருந்தது.

"ஸ்டெல்லா, தடை இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் போனீங்க? யாராவது கூப்பிட்டாங்களா?"

நான் கூப்பிட்டேன் என்று ஸ்டெல்லா சொன்னால், ஏன் கூப்பிட்டேன் என்று வரும். ஊருக்குப் போனதாக எழுதிய பெண் எப்படி ஏழாவது மாடியில் இருந்தாள் என்று வரும். பதினொரு பேரின் கதையும் வெளியே வரும். அது ஸ்டெல்லாவுக்கும் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தாள்.

"யாரும் கூப்புடல மேடம். நானாத்தான் போனேன்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அவங்க சொல்றது சரியா?"

"சரிதான் மேடம்" என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. அடுத்த வருஷம் எங்கள் இருவரில் ஒருவருக்குப் பதவி உயர்வு வந்தபோது, மேல் நடவடிக்கை நிலுவையில் இருக்கிறது என்று அவளை ஒதுக்கிவிட்டு எனக்குக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கே மேலதிகாரியாக உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு நாளும் எனக்கு அதை ஞாபகப்படுத்தவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கொட்டகை காலி என்று மேஸ்திரி சொன்னால் எழுதாதீர்கள், தங்கிவிட்ட பெண் யாராவது சொன்னால் எழுதுங்கள். உங்களைவிட ஒருத்தி நன்றாக வேலை செய்தால் பிடிக்கவே பிடிக்காது, அதை யாராலும் மாற்ற முடியாது. பிடிக்காமலேயே அவளைக் கேளுங்கள். அவளைப் பிடித்துப்போகும்வரை காத்திருந்தால் உங்கள் பதிவேட்டில் இருக்கிற பெண் காத்திருக்க மாட்டாள்.

போன வாரம் மண்டல அலுவலகத்துக்குப் போனேன். ஸ்டெல்லாவை நான்தான் தொலைபேசியில் அழைத்தேன், அவர்மேல் உள்ள நடவடிக்கையை நீக்க வேண்டும் என்று கைப்பட ஒரு கடிதம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று அதையும் எழுதியிருந்தேன். தபால் பிரிவில் இருந்த கிளார்க் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, காரணம்னு போட்டு 'பொறாமை'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"கவர்மெண்ட் கடிதத்துல இப்படியெல்லாம் எழுத மாட்டாங்கம்மா. பேசாம 'மறதி'ன்னு மாத்திக் குடுங்க. வயசாச்சு, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. இல்லன்னா உங்க மேலயே விசாரணை வரும், பென்ஷன் வரைக்கும் இழுப்பாங்க."

"நான் எதையும் மறக்கலப்பா" என்றேன்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தேதி முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். கடிதத்தில் எழுதியதைச் சொன்னேன். "இன்னாத்துக்குக்கா இப்ப இதெல்லாம்" என்றாள். உடனே பேச்சை மாற்றினாள். "இந்த வருசமும் ரஸ்மிதா போன் பண்ணாக்கா, பண்டிகைக்கு. வருசா வருசம் பண்ணுவா. பொண்ணு ஸ்கூலுக்குப் போவுது. இரு, போட்டோ அனுப்புறேன்."

படம் வந்தது. இரட்டைப் பின்னல், சீருடை, முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. என் மடியில் தலை வைத்து வலிப்பில் துடித்தவளின் பெண். இத்தனை வருஷத்தில் ரஸ்மிதா எனக்கு ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை. வெயிலில் அந்த வாசலிலேயே நின்று படத்தைப் பார்த்தேன், பழையபடி வயிறு எரிந்தது. எரிந்துவிட்டுப் போகட்டும், கடிதத்தில் முத்திரை விழுந்துவிட்டது.